குடல் செல்களிடம் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

மிட்டாயை வெள்ளையாக்கும் நுண்பொடி குடலை என்ன செய்கிறது என்பதுதான் இங்கே என் ஆராய்ச்சி. விருத்தாசலத்தில் நீங்கள் பீங்கான் பொம்மைகளுக்குப் பூசும் மெருகில் கலக்கிற அதே வெள்ளைதான். பூசும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத் தட்டில் வளரும் மனிதக் குடல் செல்களுக்கு நேற்று உணவுத் திரவம் ஊற்றிவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக் கொரியப் பெண் திரும்பிப் பார்த்தாள். போனில் பேசியதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அம்மா இருந்தவரை போனை எடுத்ததும் அதைத்தான் கேட்பாள். நீங்கள், "வேல எப்படிப் போவுது?" என்பீர்கள்.

கொஞ்சம் எள்ளுப்பொடி வாங்கி அனுப்புங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அடுத்த முறை பேசும்போது அம்மாவின் கேள்வியை நீங்கள் கேளுங்கள் அப்பா. கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள்.

இளவரசி