டாங்கிக்குள் விழுந்த கண்ணாடி

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்று மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு பழைய லாரிக்குப் புது டீசல் டாங்கி செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அது ஒழுகாமல் நின்றால்தான் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு தகட்டையும் இரண்டு முறை அளந்தே வெட்டினேன். மேல்மூடியைப் பற்றவைத்து முடித்துப் புரட்டினால், உள்ளே ஏதோ கடகடத்தது. சட்டைப்பையைத் தடவினேன். அளக்கும்போது மாட்டும் கண்ணாடியைக் காணோம்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பயந்துகொண்டே முதலாளியிடம் சொன்னேன்.

"டாங்கிக்கு எதுக்கு பெரியவரே கண்ணாடி? அதுக்கும் வயசாயிடுச்சா?" என்று சிரித்தவர், அளவுமானி பொருத்தும் துளை வழியாகக் கம்பியை விட்டு அவரே அதை எடுத்துத் தந்தார். ஒரு கீறல்தான்.

அதே கண்ணாடியோடு, காற்றடைத்த டாங்கியில் பற்றவைத்த இடங்கள் ஒழுகுகின்றனவா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நம்பாமல் மறுபடியும் தடவினேன்.

"குளிப்பாட்டினது போதும். அடுத்த டாங்கிக்கும் தகடு சொல்லிட்டேன்," என்றார் முதலாளி.

கண்ணாடியில் கட்டிக்கொள்ள நீ பின்னித் தந்த கயிற்றை, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று அலமாரியிலேயே விட்டு வந்தேன். அதை அனுப்பிவை. இங்கேயும் கயிறு கிடைக்கிறது. ஆனாலும் அதுதான் வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கயிற்றை மறந்துவிடாதே.