சரண்டர் என்ற சொல்லுக்கு மூன்று வாக்கியம்

ராபின்வேல்
ஜூலை 14

என் அன்பான லுசெயானேவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எனக்கு இங்கே கைகால் சுகம். நீயும் நம் மகள் செய்னியும் உன் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். இந்தக் கடிதத்தைச் செமிசியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனுடைய ஒன்பது மாத வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வியாழக்கிழமை ஊருக்கு விமானம் ஏறுகிறான். வழியில் பிரித்துப் படித்தாலும் அவனுக்குத் தெரியாதது இதில் அதிகமில்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம். நீ மூன்று வாரமாக என் போனை எடுக்கவில்லை என்பது ஆறு பேருக்கும் தெரியும்.

திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து நடக்கிறது. காலையில் ஒரே பனிமூட்டம். அடுத்த வரிசையில் இருப்பவன் இருமினால்தான் அங்கே ஆள் இருப்பதே தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து நம் ஊர் லூ செய்தோம். சேம்பு இலை கிடைக்காததால் ஏதோ ஒரு கீரையில் இறைச்சியைச் சுற்றி அவித்தோம். திறந்து பார்த்தால் எல்லாம் கஞ்சி. "இதச் சாப்புடணும்னா கண்ண மூடிக்கிட்டு வீட்ட நெனச்சுக்கணும்டா" என்றான் செமிசி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நீதான் வந்தாய், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

உன் கோபம் நியாயம்தான். அக்கா அகனேசி ஆக்லாந்திலிருந்து கூப்பிட்டபோது நான் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டேன். "யாருடா போன்ல, ராணியா?" என்று பையன்கள் கிண்டல் பண்ணினார்கள். "தம்பி, எனக்குச் செய்னியக் குடு. என் வீட்டுலயே வளரட்டும். வர்ற மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அக்கா. நான் "சரிக்கா" என்றேன். அவ்வளவுதான். மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்கவில்லை. தம்பி பிள்ளையை அக்கா கேட்டால் இல்லையென்ற பேச்சே நம் குடும்பங்களில் கிடையாது என்று உன்னிடம் பெரிய மனிதன் போலச் சொன்னேன். "பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று நீ கேட்டாய். பிறகு போனை வைத்துவிட்டாய்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது எங்கள் ஆங்கில வகுப்பு. புதன்கிழமை மாலைகளில் கோயில் கூடத்தில் நடக்கிறது என்று சொன்னேனே, பெவ் டீச்சர் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள். வாரம் ஒரு சொல் கொடுப்பார். அன்றாட வாழ்க்கையில் அதை வைத்து மூன்று வாக்கியம் எழுதிவந்து எழுந்து நின்று வாசிக்க வேண்டும். போன வாரச் சொல் சரண்டர்.

வனுவாட்டுத் தீவுக்காரன் வில்லி முதலில் எழுந்தான். என் ரொட்டியைக் கோழிக்குச் சரண்டர் செய்தேன் என்று வாசித்தான். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "கோழி என்ன துப்பாக்கியா காட்டுச்சு? போட்டேன்னு சொல்லுங்க வில்லி" என்றார். லான் என்ற வியட்நாம் அம்மாள் எழுதியதுதான் சரியாக இருந்தது. கண் மங்கிவிட்டதால் என் கணவர் லைசென்ஸைச் சரண்டர் செய்தார் என்று எழுதியிருந்தார். "மூணு மாசம் வீட்டையே ரெண்டு பண்ணிட்டுத்தான் குடுத்தாரு" என்றும் சொன்னார். "இதுதான் இந்த வார்த்தைக்குச் சரியான இடம். விட மனசில்லாம, போராடிப் பாத்து, முடியாம விடுறது" என்றார் டீச்சர்.

என் முறை வந்தது. முதல் இரண்டும் பேப்பரில் பார்த்து எழுதியவை, திருடன் போலீசிடம் சரண்டர் ஆனான் என்கிற மாதிரி. மூன்றாவது என்னுடையது. என் மகளை என் அக்காவிடம் சரண்டர் செய்தேன் என்று வாசித்தேன்.

கோர்ட் ஏதாவது உத்தரவு போட்டதா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நீங்க விரும்பிக் குடுத்தீங்களா?" இல்லை. "குடுக்கமாட்டேன்னு சண்டை போட்டீங்களா?" அதுவும் இல்லை. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "விரும்பியிருந்தா குடுத்தேன்னு எழுதலாம். எதுத்து நின்னு தோத்திருந்தா சரண்டர்னு எழுதலாம். உங்க வாக்கியத்துல என்ன வார்த்த போடுறதுன்னு எனக்குத் தெரியலையே, லோபெட்டி" என்றார். அவர் வையவில்லை, பாவம், உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதைகூட எனக்கு இல்லை, லுசெயானே. லைசென்ஸுக்காக ஒரு கிழவர் மூன்று மாதம் மல்லுக்கு நின்றிருக்கிறார். பெற்ற மகளுக்காக நான் ஒரு நிமிடம் நிற்கவில்லை.

அக்கா கெட்டவள் இல்லை. அம்மா போனபிறகு என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். மூன்று முறை வயிற்றில் தங்கி மூன்றும் போயின. ராத்திரி பகலாக அந்தப் பெரிய வீட்டில் அவளும் அவள் புருஷனும் டிவியும்தான். ஆனால் அவள் வீடு நிறைய வேண்டும் என்பதற்காக உன் மடியைக் காலிசெய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நேற்று அவளுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். போனில் அவள் குரல் கேட்டால் மறுபடி தொப்பியைக் கழற்றிவிடுவேன் என்று பயம். அக்கா, நீ வேறு என்ன கேட்டாலும் தருவேன், செய்னியைத் தரமாட்டேன், அவள் தன் அம்மாவிடமே இருக்கட்டும் என்று எழுதினேன். நான்கு தாள் கிழித்தபிறகு ஐந்தாவதில்தான் எழுத்து கோணாமல் வந்தது. தபால் பெட்டிக்குள் போட்டபிறகு கையை விட்டு எடுக்க முடியுமா என்றும் பார்த்தேன், உன்னிடம் என்ன மறைக்க. முடியவில்லை. நல்லவேளை.

இனி நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு அக்கா வராமல் போகலாம். அக்காவை எதிர்த்தவன் என்று ஊர் பேசும். கோயிலில் உன்னையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இது எல்லாம் என் முடிவு, உனக்கு இதில் பங்கில்லை என்று யார் கேட்டாலும் சொல். செமிசியையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

செய்னியின் துணிகளைப் பெட்டியில் கட்டிவிட்டாயாம், உன் தம்பி மோசே சொன்னான். பள்ளிச் சட்டையைக்கூட விடவில்லையாம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மடித்து வைத்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதம் வந்ததும் பெட்டியைத் திறந்துவிடு. துணிகளை அலமாரியில் அவளையே அடுக்கச் சொல், அப்பா சொன்னார் என்று சொல்.

அதற்குப் பிறகும் என்னோடு பேச மனம் வராவிட்டால் பேசவேண்டாம், ஏன் என்று கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் கூப்பிடுகிறேன். போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். நம் வீட்டுச் சத்தம் கொஞ்சநேரம் காதில் விழுந்தால் போதும் எனக்கு.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் காப்பாராக.

உன்
லோபெட்டி