ஒரு தட்டு நில், இரண்டு தட்டு வா

2025 பெப்ரவரி 3, திங்கள்

இன்றும் மரக்கறிக் கடைக்கு எதிர்ப்பக்கம்தான் லொறியை நிறுத்தினேன். கடையின் பின்வாசலுக்கு ரிவர்ஸில் இருபது அடி. நான் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் நொண்டி நொண்டி மூட்டைகளைச் சுமந்து ரோட்டைக் கடந்தார்.

ஒன்பது மாதமாக நான் முன்னால் மட்டும் போகிற டிரைவர். லொறியைத் திருப்ப வத்தேகமை டவுனைச் சுற்றி ஊர்வலம் வருகிறேன். சாமிகூட வருஷத்தில் ஒருமுறைதான் அப்படிச் சுற்றும்.

எங்கள் வீட்டில் லைசன்ஸ் எனக்கு, தோள் அவருக்கு. அவர் பின்னால் நின்று லொறியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. போன வைகாசி மழையில் இரண்டு தட்டுக் கேட்டது. வந்தேன். சுவருக்கும் லொறிக்கும் நடுவில் அவருடைய கால். மழைச் சத்தத்தைத் தட்டு என்று நினைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். "பொம்பளைக்கி எதுக்கு லொறி?" என்றார் மாமி, அவருடைய அம்மா. அன்றிலிருந்து நான் சாவியைப் போட்டாலே போதும், முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர் கதிரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பெப்ரவரி 5, புதன்

அக்குறணையிலிருந்து, நாங்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஹுதைபா நானா வந்தார். கரவன் ஒன்று வாங்கியிருக்கிறாராம். சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி, உள்ளே கட்டில், சின்னக் குசினி, ஜன்னலுக்குப் பூத்திரை. எங்கள் லொறியில் கொழுவி இழுத்துப் போய் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், வாடகைக்குத் தங்க வருகிறவர்களுக்காக நிறுத்த வேண்டும். கதவு தண்ணீரைப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் பின்னால்தான் எடுக்க வேண்டும்.

"மார்ச் ஒண்டாந் தேதி மொத ஆக்கள் வாராங்க, தங்கச்சி. ஒங்களுக்கு ஏலுமெண்டா ஹயர் ஓட்டமெல்லாம் ஒங்களுக்குத்தான். ஏலாட்டி இப்பவே சொல்லுங்க."

"ஏலும்" என்றேன். தவளை தன் வாயால்தான் கெடும்.

ஆனால் அந்தக் கட்டில்! காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர். முப்பத்தாறு வயதில் நான் ஒரு நாளாவது தண்ணீர் ஓரம் கண் விழித்திருக்கிறேனா? மத்தியானம் போஞ்சிக்காய் நிறுக்கும்போதும் அந்த ஜன்னல்தான் கண்ணுக்குள் நின்றது.

பெப்ரவரி 9, ஞாயிறு

கெமரா என் யோசனை. அக்குறணையில் வாகன வயர் வேலை செய்யும் ரஸீன் பூட்டிக் கொடுத்தார். லொறிக்குப் பின்னால் ஒன்று, கரவனின் பின்பக்க நெற்றியில் ஒன்று. கொழுவுகிற இடத்தில் வயருக்கு ஒரு பிளக், கழற்றி மாட்டலாம். திரை என் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், இரண்டு பாதியாக.

முதலில் வீட்டுக்காரர் பின்னால் நின்று வலக்கையைத் தூக்கினால் திரையில் இடப்பக்கம் தூக்கினார். என் தலை சுற்றியது. "கண்ணாடி மாதிரி மாத்தோணும்" என்று ரஸீன் வளையமாய் இருந்த ஒரு வயரைக் கத்தரித்தார். கை தன் பக்கத்துக்கு வந்தது.

"ஒங்கட முதுகுக்குக் கண் வந்திட்டு, தங்கச்சி. இனி என்ன பயம்?"

கண் வந்தது. கால்தான் வரவில்லை. ரிவர்ஸ் போட்டதும் வலது கால் வெடவெடவென்று நடுங்கியது.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய் வரும் வழியில் பின் கெமராவை ஓடவிட்டேன். முன் கண்ணாடியில் எல்லாம் என்மேல் வந்து விழுகிறது. திரையில் எல்லாம் மெதுவாக விட்டுவிட்டுப் போகிறது. தேயிலை மலை, வளைவு, பனிக்குள் ஒரு குடை, எல்லாம். போகிறவற்றைப் பார்ப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா?

"ரோட்டப் பாரு, நிரோ" என்றார் அவர்.

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமிப் போயா லீவு

ஹுதைபா நானாவின் காணியில் ரிவர்ஸ் எடுக்கப் பழகினேன். ஆறு அடி. நின்றுவிட்டேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மறுபடி அதே காணி. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பின்னால் நிற்கிறார். டக், டக். இரண்டு தட்டு. என் கை தானாகக் கியருக்குப் போனது. கண் திரைக்குப் போனது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ கோவா, போஞ்சி விலை பேசிச் சிரிக்கிறார். மற்றக் கை பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி லொறியைத் தட்டுகிறது. டக், டக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டக், டக். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் எதையோ எடுக்கக் குனிந்தார்.

நான் இன்ஜினை நிறுத்தினேன்.

அன்றைக்கும் போன் பேசினாரா? அன்றைக்கும் இப்படித்தான் தட்டினாரா? அப்ப பிழ மழயில இல்லையே — எங் காதுல இல்லையே!

பெப்ரவரி 17, திங்கள்

கேட்டேன். தெரியுமாம்.

போன் பேசிக்கொண்டே தட்டியது தான்தான் என்று ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதே தெரியுமாம். "அம்மா முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சி. பொறகு நாளு போயிருச்சி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாளு போயிருச்சா? யாரு நாளு? ஒன்பது மாசம் நான் சோத்துல கை வைக்கிற நேரமெல்லாம் அந்தக் கால நெனச்சிருக்கேன். பஜாரில நாலு பேரு சிரிச்சப்ப பக்கத்துல நின்னீங்களே, வாயில என்ன கொழுக்கட்டையா?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். சொன்னது ஒன்றுதான். "மாமிக்கிட்ட நீங்களே சொல்லுங்க."

தலையை ஆட்டினார்.

பெப்ரவரி 20, வியாழன்

பேசவில்லை. சாப்பாடு போடுகிறேன், பேசவில்லை.

மரக்கறிக் கடையின் பின்வாசல். ரிவர்ஸ் போட்டேன். கால் நடுங்குமென்று காத்திருந்தேன். நடுங்கவில்லை. இருபது அடி, நேராக. கடைக்காரர் வாயைப் பிளந்தார். வீட்டுக்காரர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கரவனோடு நாள் முழுக்கப் பழகினேன். பிடிவாதக்காரப் பெட்டி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அதன் வால் வலப்பக்கம் போகிறது. அவர் பழைய பெயின்ட் வாளிகளை அடுக்கி வழி போட்டுத் தந்தார். ஏழு தடவை வாளியை உருட்டினேன். எட்டாவது தடவை ஒன்றும் விழவில்லை.

அவருடைய போனைப் பார்த்தேன். லொறி முன்சீட்டில் விட்டுவிட்டுத்தான் பின்னால் போகிறார் இப்போது.

மாமியிடம் இன்னும் சொன்ன மாதிரி இல்லை. இன்று விடியவும் சாவியைப் போட்டதும் கதிரை உள்ளே போனது.

மார்ச் 1, சனி

தண்ணீர்! திரை முழுக்கத் தண்ணீர்.

கொழும்பிலிருந்து வந்த புதுத் தம்பதி தள்ளி நின்று பார்க்க, ஹுதைபா நானா அவர்களுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்க, நான் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனேன். திரையில் புல் முடிந்து நீலம் ஆரம்பித்தது. நீலத்துக்குள் அக்கரை மலை தலைகீழாகக் கிடந்தது. ஓரத்தில் அவர். டக். ஒரு தட்டு. நின்றேன்.

அந்தப் புதுப்பெண் கரவன் கதவைத் திறந்து "அம்மாடி" என்றாள். எனக்குப் பொறாமையே வரவில்லை. நான் அதை முதலில் பார்த்துவிட்டேன்.

"அடுத்த ஹயர் பதினஞ்சாந் தேதி" என்றார் ஹுதைபா நானா.

மார்ச் 2, ஞாயிறு

தம்பதி போன பிறகு கரவனை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். இனி இங்கேதான் நிற்கும். சந்து ஒடுக்கம், திரும்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் நுழைய வேண்டும்.

ரிவர்ஸ் போட்டேன். திரையில் முற்றம் வந்தது. செவ்வரத்தைச் செடி, தண்ணீர்த் தொட்டி, நடுவில் மாமி. கதிரையில் உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துப் போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தார்.

எழும்புவார் என்று நின்றேன். மாமி எழும்பவில்லை. வீட்டுக்காரரைத் திரையில் தேடினேன். முற்றத்து ஓரத்தில் நின்று அம்மாவையும் லொறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ மாமிக்கிட்ட சொல்லிட்டாரு.

டக், டக்.

வந்தேன். திரையில் தூரம் காட்டும் மஞ்சள் கோட்டுக்குள் மாமியின் கதிரைக்கால் வந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது டக். நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினால் மாமியின் குரல்.

"ஏன் புள்ள நிக்கிற? இன்னும் எடம் இருக்கில்ல, வா."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த போஞ்சியை எடுத்தார்.