தெரியாமல் விழுங்கியதாக எழுதச் சொன்னார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்கள் ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றிவிட்டு ஆளைக் கைவிடுகிறது. எடுத்த எடுப்பிலேயே இப்படி எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் நலம், உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று அவசரப் பிரிவுக்கு ஒரு கல்லூரிப் பெண்ணைத் தூக்கிவந்தார்கள். வேண்டுமென்றே மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். பிழைத்துக்கொண்டாள், பயப்படாதே. அவள் கண் விழித்ததும் அவளுடைய அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், தெரியாம முழுங்கிட்டான்னு எழுதிடுங்கம்மா. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு வருமில்ல?"

அப்படி எழுதினால் மனநல மருத்துவரைக் கூப்பிட மாட்டார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "எழுதித் தொலைங்க, பெட் வேணும்" என்றார் டியூட்டி டாக்டர். இங்கே பாதிக் கேஸ் இப்படித்தான் முடிகிறது. நான் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். மனநல மருத்துவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். "எல்லாரும் எத்தனை மாத்திரைன்னுதான் கேட்டாங்கக்கா. ஏன்னு இவர் ஒருத்தர்தான் கேட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

உன் குரலைப் பதிந்து அனுப்பு, சாப்பிடும்போது கேட்டுக்கொள்கிறேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

போன வருடம் தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு வயிற்றுவலி என்று எழுதினாய். மூன்று கடிதங்களில் கேட்டும் நீ உண்மையைச் சொல்லவில்லை. வயிற்றுவலி எது என்று நர்ஸுக்குத் தெரியும், அம்மா. அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. இந்த முறையாவது பதில் எழுது.