என் ரிங்குக்குக் கீழே

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் தோற்றோம். 41–48. வரிசையாக நான்காவது தோல்வி. எட்டு அணிகளில் ஏழாவது இடம். கடைசியாக வருகிறவர்களை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒன்பது வருடமாக முதல் பிரிவில் ஆடுகிற பஸ் டிப்போ பெண்கள் கூடைப்பந்து அணி, நான் கேப்டனாக இருக்கும்போதா இறங்க வேண்டும்?

என் மேல் பிழை இல்லை. இதை எழுதியே வைக்கிறேன். என் ரிங்குக்குக் கீழே ஒருத்தியையும் விடவில்லை. அவர்களுடைய நெட்டச்சி இரண்டு முறை உள்ளே வந்தாள். இரண்டாம் முறை தோளால் ஓர் இடி இடித்தேன், உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஏன் வருகிறாள்? அதற்கு ஒரு ஃபவுல் கொடுத்தார்கள். போகட்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களைக் காப்பாற்றியதும் இந்த முரட்டு ஆட்டம்தான். புல்டோசர் என்று எனக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

நம் ஆட்கள்தான் வெட்கக்கேடு. தூரத்தில் நின்றே பந்தை எறிகிறார்கள், குப்பையைத் தெருவில் கொட்டுகிற மாதிரி. உள்ளே போய்ப் போட்டால் என்ன, யாராவது கடித்தா விடுவார்கள்?

மார்ச் 4, புதன்

டயர் பிரிவில் ஒரு நட்டு கழல மாட்டேன் என்றது. ஸ்பானரை மாட்டி ஓர் உதை விட்டேன். கழன்றது. மனிதர்களும் அப்படித்தான்.

மார்ச் 5, வியாழன்

பயிற்சி. இந்த வருடம் பயிற்சியில் விசிலே கிடையாது. யார் மேல் யார் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. சாரிடம் சண்டை போட்டு நான் வாங்கிய ஏற்பாடு. சார் ஸ்டோர்ஸில் கிளார்க், எங்களுக்கு கோச். அதட்டத் தெரியாத மனுஷன்.

பட்டாணி என்னைத் தாண்டப் பார்த்தாள். டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறாளே, சின்ன உருவம், அவள்தான் எங்களுக்குப் பந்தைக் கொண்டுபோகிறவள். ஒரு தட்டு தட்டினேன். விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம்.

"எழுந்திரு. மேட்ச்ல யாரும் தூக்கி விட மாட்டாங்க" என்றேன்.

எழுந்தாள். திருப்பித் திட்டினாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாததுகளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய?

மார்ச் 8, ஞாயிறு

தோல்வி. எனக்கு ஐந்து ஃபவுல், ஒன்பது நிமிடம் பாக்கி இருக்கும்போதே வெளியே உட்கார வேண்டியதாயிற்று. சார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ பயமுறுத்தித் தடுத்தது நாலு பந்து. நம்ம ஃபவுலுக்காக ஃப்ரீ த்ரோவுல நாம குடுத்தது பதினேழு பாயின்ட்."

நடுவர்களுக்குக் கண் அவிந்துபோனால் நான் என்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். என் வீட்டுக்காரர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கதவு எந்த டீம்?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை.

இனி ஒரே ஓர் ஆட்டம்தான். 22-ஆம் தேதி. ஜெயித்தால் தப்பிப்போம், தோற்றால் கடைசி இடம்.

மார்ச் 10, செவ்வாய்

சார் ஸ்டோர்ஸுக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு மேட்சுக்கும் பழைய ஸ்டோர்ஸ் சீட்டின் பின்பக்கத்தில் மைதானத்தை வரைந்து, நாம் பந்து போட்ட இடத்தில் எல்லாம் புள்ளி வைத்திருக்கிறார். மேஜை மேல் பரப்பினார். இந்த வருடத்துத் தாள்களில் எல்லாப் புள்ளியும் தூரத்தில். ரிங்குக்குக் கீழே வெள்ளைத் தாள்.

"பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல. கோழைங்க."

சார் போன வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் வைத்தார். உள்ளே கறுகறுவென்று புள்ளி. அதே பெண்கள்.

"அப்போ என்ன மாறிச்சு?" என்று கேட்டேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "விசில்" என்றார். பிறகு, "பயிற்சில தினமும் ரிங்குக்குக் கீழ நிக்கிறது யாரும்மா?"

தாள்களைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

என்னாலயாம்! நாலு வருஷமா முட்டி தேஞ்சு நிக்கிறேன், அடியெல்லாம் நான் வாங்கிக்கிறேன், கடைசில பழி என் தலையிலயா? யாருக்காக இடிக்கிறேன் நான்? எனக்காகவா?

மத்தியானம் நேராக கவுன்ட்டருக்குப் போனேன். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும்.

"ஏன்டி உள்ள போக மாட்டேங்குற? அவளுங்களப் பாத்தா அவ்வளவு பயமா?"

பட்டாணி ஒருவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவங்களப் பாத்து இல்லக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த ஆளிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.

ஒருத்தியையும் விடவில்லை என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேனே இங்கே. நம்மவளையும்தான் விடவில்லை. சீசன் தொடங்கிய ஐந்து மாதமாக, வாரம் மூன்று நாள், உள்ளே வந்தால் அடி விழும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று எழுதக் கை வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

விசிலை நானே கொண்டுபோய் சார் கையில் கொடுத்தேன். "ஊதுங்க" என்றேன். ஒரு நிமிடத்துக்குள் முதல் விசில் எனக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டாணி இரண்டடி தள்ளியே நின்று எறிந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதும் இரண்டடி தள்ளித்தான்.

மார்ச் 17, செவ்வாய்

பட்டாணி இன்னும் உள்ளே வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

50–51. ஒரே ஒரு பாயின்ட்.

எனக்கு இரண்டு ஃபவுல்தான். எதிரணி உள்ளே வந்தது, கையை உயர்த்தி மட்டும் நின்றேன். சில பந்து விழுந்தது, சிலது விழவில்லை. நம் பெண்கள் ஆறு முறை உள்ளே போனார்கள். பட்டாணி ஒரு முறை. ஒரு மாதம் முன்னால் இதை ஆரம்பித்திருந்தால் போதும், தப்பித்திருப்போம்.

இரண்டாம் பிரிவு. என் கையால் தள்ளியது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பயிற்சி. பட்டாணி பந்தைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவள் முழங்கை என் உதட்டைக் கிழித்தது, பந்து ரிங்குக்குள் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"சார், விசில் எங்க? ரத்தம் வருது, தெரியல?" என்று கத்தினேன். நான்!

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாணியும்.

அடுத்த பந்துக்கும் உள்ளேதான் வந்தாள்.