ஸ்டியரிங்கில் தொங்கிய உன் டேக்

அன்பு மச்சான் ஆரோக்கி,

நம் கான்டசாவை விற்கும்படி ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிடு, பிறகு கேள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியாததா?

உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா மஞ்சக்குப்பம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு, தன் அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறது. பாப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. குடிவரப் போகிறவர் காய்கறி ஏற்றும் குட்டி யானை வைத்திருக்கிறார், அதை நிறுத்தப் பின்பக்க ஷெட் வேண்டுமாம். "அண்ணா, வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போயி வச்சிக்கிங்களேன்" என்றது தங்கச்சி. எங்கே வைப்பேன்? நான் குடியிருப்பது இரண்டாவது மாடி. பைக்கை நிறுத்தவே கீழ்வீட்டுக்காரரோடு தினம் சண்டை.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் மசில் கார் என்கிறார்களே, அதற்கு நம் நாட்டின் பதில் இந்தக் கான்டசாதான் என்று நீ அடித்துச் சொல்வாய். நீளமான பானெட், நாலு வட்ட விளக்கு. நம்முடையதில் மிச்சம் இருந்ததோ சாம்பல் நிற பிரைமர் அடித்த ஒரு கூடு. இன்ஜின் தனியாக ஸ்டாண்டில், கியர்பாக்ஸ் பலகை மேல், கண்ணாடி பழைய பெட்ஷீட்டுக்குள். சீட்டு கிடையாது, ஓட்டுபவர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டியரிங்கில் உன் படம் போட்ட சிவப்பு டேக்.

அந்த டேக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செம்மங்குப்பத்தில் நாம் வேலை பார்த்த கெமிக்கல் ஃபேக்டரியில், நீ பிட்டர், நான் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். பழுது பார்க்க ஒரு பம்பைத் திறந்தால், அதில் கை வைக்கிற ஒவ்வொருவனும் தன் பெயரும் படமும் உள்ள டேக்கை அதன் சுவிட்சில் மாட்ட வேண்டும். அது தொங்கும்வரை சுவிட்சைப் போடக் கூடாது, மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் தொடக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருப்பது மேனேஜர் கை அல்ல.

"நீ அவசரக்காரன்டா. உன்ன நம்பி இன்ஜினுக்குள்ள கைய விட முடியாது" என்று சொல்லி நீதான் அந்த வழக்கத்தை ஷெட்டுக்கும் கொண்டுவந்தாய். நானும் சிரித்துக்கொண்டே என் டேக்கை மாட்டினேன். வேலை முடிந்ததும் அவரவர் டேக்கை அவரவர் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவோம். கடைசியாக வந்த அன்று நீ மட்டும் கழற்றவில்லை. "அடுத்த வாரம் பிரேக் லைன் போட்டுடலாம் மச்சான், தொங்கட்டும்" என்றாய். தொங்கியது. நான் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதையும் மறக்கவில்லை. "யாருக்கு வேணா குடு. அறுக்கிறவனுக்கு மட்டும் குடுக்காத."

வண்டியை அறுத்துப் பாகம் பாகமாக விற்கிறவன் யார், வேலையை முடித்து ஓட்டப் போகிறவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறார்கள்?

முதலில் வந்தவன் வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்து, சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"வண்டிய பாக்கலியாண்ணே?" என்றேன்.

"அது கெடக்குது தம்பி. பேப்பர் கரெக்டா இருக்குதுல்ல?"

எங்கோ தப்பு வழியில் வந்த ஒரு வண்டிக்கு நம் வண்டியின் நம்பரையும் பேப்பரையும் சூட்டப் பார்க்கிறான். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்தவன் மங்கலம்பேட்டைப் பக்கம். வண்டியைச் சுற்றி வந்து, கறிக்கடையில் தொடை, ஈரல் என்று பார்ப்பது போல எண்ணினான். "கிரில் இருக்கு. லைட்டு நாலும் இருக்கு. டேஷ்போர்டு வெடிக்கல." நாம் வண்டி வாங்கித் திரிந்த நாட்களில் நீ சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. முடிக்கப் போகிறவன் என்ன இல்லை என்று கேட்பான், அறுக்கப் போகிறவன் என்ன இருக்கிறது என்று கேட்பான். இவன் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கும் வாசலைக் காட்டினேன்.

"இப்பிடியே போனா வண்டியோட சேத்து ஒங்களையும்தாண்ணா குடிவர்றவருகிட்ட ஒப்படைக்கணும்" என்றது ஸ்டெல்லா.

மூன்றாவதாக வந்தவர் கலியபெருமாள். சிதம்பரத்தில், புவனகிரி ரோட்டில் உரக்கடை. வாடகைக் காரில் மனைவியோடு வந்து இறங்கினார். ஸ்டெல்லா வாசலில் நின்று, "யாருங்க, எந்த ஊரு?" என்று கேட்டு உள்ளே விட்டது. இதைக் குறித்து வைத்துக்கொள், பிறகு வருகிறேன். அடிக்கிற வெயிலில் மனுஷன் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஷெட்டுக்குள் வந்து நின்றவர் முதலில் கேட்டது இது: "முன் கண்ணாடிக்கு பீடிங் ரப்பரு இன்னும் கெடைக்கலியா தம்பி?"

கண்ணாடி பெட்ஷீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ரப்பர் கிடைக்கவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் நீ.

"பின் பிரேக் சிலிண்டரும் வரலதான?" என்றார் அடுத்து.

எனக்கு உடம்பெல்லாம் சந்தேகம். "சரிங்க, கார்பரேட்டர் இந்த இன்ஜின்ல எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அத நீங்கதான் சொல்லணும். நான் யூரியா விக்கிறவன்."

புரிகிறதா? இல்லாதது எல்லாம் தெரிகிறது, இருப்பது எதுவும் தெரியவில்லை. கேள்வித்தாள் முன்னாடியே கையில் கிடைத்த பையன் பரீட்சை எழுதுவது போல இருந்தது. எவனோ பெரிய அறுவைக்காரன் இந்த மனுஷனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

அந்தம்மா ஷெட் வாசலைத் தாண்டவில்லை. "இது ஓடுங்களா தம்பி?" என்றார்.

"ஓடாதுங்க."

"இப்பத்திக்கு ஓடாதா, எப்பவுமே ஓடாதா?"

"இப்போதைக்கு."

"அப்பாடா. கொஞ்ச நாளாவது நிம்மதி."

பேச்சை வளர்க்க விரும்பாமல், "ஏறி உட்கார்ந்து பாருங்க" என்றேன். வாங்க வந்தவன் எவனும் முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். இவர் கதவைத் திறந்தார், கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"டேக் தொங்குதே தம்பி. எடுத்தப்பறம் ஒக்காருறேன்."

"உரக்கடைக்காரருக்கு இது யாரு சொன்னது?"

"எங்கியோ கேள்விப்பட்டது."

எங்கேயோ என்றால் எங்கே? எங்கள் ஃபேக்டரி ஆள் யாராவதா? மூளை சூடாகி நின்றபோதுதான் ஸ்டெல்லா டீ கொண்டுவந்தது. எனக்கு முழு டம்ளர். அந்தம்மாவுக்கு முழு டம்ளர். கலியபெருமாளுக்குப் பாதி. அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி, வாயில் வைத்து, வைத்து, நனைத்துக்கொள்வது போலக் குடித்தார்.

அந்தக் குடியை நான் பார்த்திருக்கிறேன் மச்சான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கட்டுப்படுத்திய பிறகு நீ குடித்த குடி அது.

"தங்கச்சி, அவருக்கு ஏன் பாதி?"

ஸ்டெல்லா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. எந்த ஊர் என்று வாசலில் கேட்ட பெண்ணுக்கு அவருடைய டீ அளவு எப்படித் தெரியும்?

"ஐயா, கையக் காட்டுங்க" என்றேன்.

"எந்தக் கைய?"

"பட்டன் போட்டிருக்கிற கைய."

"ரெண்டு கையிலியும்தான் பட்டன் இருக்கு" என்றார் அந்தம்மா. பிறகு கணவரைப் பார்த்து, "காட்டிடுங்க. நடிச்சது போதும். நீங்க நடிக்கிற லட்சணத்துக்கு இவ்ளோ நேரம் தாங்கினதே ஜாஸ்தி" என்றார்.

இடது கைச் சட்டையை மடித்தார். முழங்கைக்குக் கீழே கயிறு போலப் புடைத்த நரம்பு, அதன் மேல் ஊசி குத்திய தடங்கள். உன் கையில் இருந்த அதே நரம்பு. அதன் மேல் என் விரலை வைக்கச் சொல்வாயே, உள்ளே மோட்டார் ஓடுவது போல அதிருமே. "ஐட்லிங் சரியா இருக்குதா பாருடா" என்பாயே.

சிதம்பரத்தில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் உனக்குப் பக்கத்துக் கட்டிலாம். "மிஷின்ல போட்டுட்டா எழுந்துக்க முடியாது. அவருக்கு வேற பேச்சே கெடயாது தம்பி. ஒங்க வண்டிய போல்டு போல்டா எனக்குத் தெரியும். கண்ணால பாத்ததுதான் இல்ல" என்றார் கலியபெருமாள்.

"இதை வந்ததுமே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னு ஆரோக்கி சொல்லிட்டாரு. 'சிவா சந்தேகப் பிராணி. என்ன இருக்குதுன்னு கேட்டீங்க, தொரத்திடுவான். என்ன இல்லன்னு கேளுங்க. ஒடம்பு முடியாதவருன்னு மட்டும் காட்டிக்காதீங்க, பாவம் பாத்து சும்மா குடுத்துட்டு, அப்பறம் ஆயுசுக்கும் வந்து நொட்ட சொல்லிட்டு நிப்பான்'னு சொன்னாரு."

ஸ்டெல்லா அடுப்படிக்குப் போய்விட்டது. உள்ளே சிரித்ததா, அழுததா என்று தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

கோபம் வந்தது ஆரோக்கி. அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் விட்டுவிட்டேன். எத்தனை நாளாக இந்த ஏற்பாடு? அடுத்த வாரம் பிரேக் லைன் போடலாம் என்று என்னிடம் சொன்னாயே, அப்போதே இவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்ததா? எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்தாயா, அவருக்கு வண்டி பிடித்துக் கொடுத்தாயா?

என் வாய் உனக்குத் தெரியும். கேட்டே விட்டேன். "நீங்களும் பாதியில போயிட்டா வண்டி என்னங்க ஆவறது?"

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கலியபெருமாள் சட்டைக் கையை இறக்கிவிடவில்லை, அப்படியே நின்றார்.

"அதுக்குத்தான் தம்பி ஒங்ககிட்ட வந்தேன். டேக்க எடுக்க ஒரு ஆளு வேணும்ல."

நான் திரும்பி, ஸ்டியரிங்கில் தொங்கிய டேக்கைப் பார்த்தேன்.

"வண்டிய மட்டும் வாங்க வரல. ஒங்களையும் சேத்துத்தான். ஞாயித்துக்கெழம எனக்கு மிஷின் கெடயாது, கடையும் லீவு. எடம் இருக்குது, நெழல் இருக்குது. எனக்கு ஸ்பேனரு புடிக்கத் தெரியாது, லைட்டு புடிப்பேன்."

"டீ அரை டம்ளர்தான் கெடைக்கும்" என்றார் அந்தம்மா.

விலை பேசியதும் அந்தம்மாதான், ஓடாத வண்டிக்கு ஓடற வண்டி விலையா என்று ஒரு பிடி பிடித்தார். அதெல்லாம் ஸ்டெல்லா கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

மிச்சம் இருந்தது டேக். ஆள் வர முடியாத நிலையில் அவன் டேக்கை எடுக்க ஃபேக்டரியில் ஒரு வழி உண்டு, நாம் இருவரும் உட்கார்ந்து கேட்ட வகுப்புதான். முதலில், அவன் உள்ளே எங்கேயும் இல்லை என்று தேடி உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு பொறுப்பில் இருப்பவன் கழற்றலாம். கழற்றியதை, அவன் மறுபடி வேலைக்கு வந்து கை வைக்கும் முன், அவனிடம் சொல்லியாக வேண்டும்.

தேடினேன். ஷெட்டைச் சுற்றி வந்தேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன், இன்ஜின் இல்லாத வெறும் குழி. முட்டி போட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நீ படுத்து வேலை செய்த சாக்கு அங்கேயே கிடந்தது. கலியபெருமாளும் எனக்குப் பக்கத்தில் முட்டி போட்டுப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நீ இல்லை.

எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உன் டேக்கைக் கழற்றினேன். அவர் அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டார்.

வண்டி சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கலியபெருமாள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தார், அவருக்கும் ஒரு டேக் செய்து கொடுத்தேன். கடையில் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் காட்டுகிறாராம். போன ஞாயிறு பிரேக் லைன் போட ஆரம்பித்தோம். லைட்டை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை, கத்தினேன். "ஆரோக்கி சொன்னது சரியாத்தான் இருக்குது" என்றார்.

விதிப்படி செய்ய வேண்டியதில் கடைசிப் பகுதிதான் இந்தக் கடிதம். உன் டேக்கை நான் எடுத்துவிட்டேன், ஆரோக்கி. சொல்லிவிட்டேன். அது என்னிடம்தான் இருக்கிறது, ஃபேக்டரி ஸ்டோரில் திருப்பிக் கேட்டாலும் கொடுக்கப் போவதில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வேலை முடியாமல் என் டேக்கை விட்டுவிட்டுப் போக மாட்டேன். அவர் டேக்கையும் நானே எடுக்கும்படி ஒரு நாள் வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், முதலில் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் ஆகிப்போன
உன் மச்சான்,
சிவா