காய்ச்சலோடு நலம்

அன்புள்ள சின்னக்கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் காய்ச்சலோடு நலம், அப்பா காய்ச்சல் இல்லாமல் நலம், நீ அங்கே அப்பாவைப் போல நலமாக இருக்க வேண்டும். முதல் வரியைப் படித்ததும் பதறிக்கொண்டு போனை எடுக்காதே, முழுசாகப் படி. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு திருத்தம் சொல்வார், அதனால்தான் கடிதம்.

குதிகாலில் கறுப்பாக இருந்ததைத் தையல் மிஷின் எண்ணெய் என்று நினைத்து நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்த கதை உனக்குத் தெரியும். எந்தத் துணியில் எந்தக் கறை இருந்தாலும் விடாதவளுக்கு இது மட்டும் போகவில்லையே என்று கோபம் வேறு. தோல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் அது காலை விட்டுக் கிளம்பி நுரையீரலில் குடியேறிவிட்டது. அதற்கு வழக்கமான மருந்தை ஏற்றுகிறார்கள், கூடவே புதிதாக ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதில் நானும் சேர்ந்திருக்கிறேன். தடுப்பூசி என்றதும் அப்பா டாக்டரம்மாவிடம், "அதான் வந்தாச்சே, இனிமே எதைத் தடுக்கப் போறீங்க?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நீங்க தைச்ச அதே யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு ஒரு திருடன் ஸ்கூலுக்குள்ள சுத்துறான், வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரியல. அவன் சட்டையில எந்தத் தையல் தப்புன்னு இந்த ஊசி காட்டிக் குடுக்கும்மா" என்றாள். என் கட்டியிலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் பார்த்து எனக்கென்றே செய்த மருந்தாம், வேறு யாருக்கும் பொருந்தாதாம். இத்தனை வருஷம் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்தேன், எனக்கு ஒருத்தர் அளவெடுத்துச் செய்வது இதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. நிஜ ஊசியாக இருந்தால் காய்ச்சல் வரலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், உன் அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வேலை பார்த்த காலம் முழுக்க வானிலை அலுவலகத்தில் மழை எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் மழை என்றால் நான் தைரியமாக மொட்டைமாடியில் துணி காயப்போடுவேன், வெயில் என்றால் குடை எடுப்பேன். ஓய்வுபெற்ற பிறகு கணிக்க எதுவுமில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு நான் வசமாகக் கிடைத்தேன்.

முதல் ஊசி போட்டு வந்ததும், "மாலைக்குள் மிதமான காய்ச்சல், ஓரிரு இடங்களில் நடுக்கம்" என்று அறிவித்தார். ஒன்றையும் காணோம். நான் காபி குடித்தால்கூட உடனே தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு ஆசையோடு பார்ப்பார். இரண்டாவது ஊசி போட்ட அன்று மனமொடிந்து போய், "காய்ச்சலுக்கு வாய்ப்பே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் எனக்குப் பல்லோடு பல் தட்டுகிற குளிர், நூற்றிரண்டு. மனிதர் வாசலுக்கு ஓடி எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "வந்துடுச்சு டீச்சர்! அவளுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் ரொட்டியும் கையுமாக வந்து, என் காதருகே குனிந்து, "உங்க ரெண்டு பேருக்குள்ள எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சிரித்ததில் எனக்கு விலா வலித்தது. சளி பிடித்தாலும் காய்ச்சல் வரும், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னதை அப்பா காதிலேயே வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொப்பி போட்ட லாரி டிரைவர் ஒருவர் வருவார், அவருக்கு இதே நோய் தலைத் தோலில், இதே ஊசிச் சோதனையில் அவரும் சேர்ந்திருக்கிறார். பார்த்ததும், "உங்களுக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டார், அவருக்கு வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "எனக்கும் சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்லண்ணே" என்று பொய் சொன்னேன். அப்பா "நூத்தி" என்று ஆரம்பித்தார், ஓங்கிக் காலை மிதித்தேன், நல்ல காலால்தான். அந்த அண்ணனுக்கும் சரியாக வேண்டும் என்று உன் பங்குக்கு நீயும் வேண்டிக்கொள்.

போன வாரம் ஸ்கேன் முடிவு சொன்னார்கள். உன்னிடம் மறைக்கமாட்டேன், எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அதற்கு முந்தின நாள் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன், அப்படி ஒருநாளும் நான் செய்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஆறுதலாக ஏதாவது சொல்லட்டுமே என்று, "என்னங்க நினைக்கிறீங்க?" என்று அப்பாவைக் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல், "பெரிசாத்தான் ஆகியிருக்கும்" என்றார். நான் எழுந்துபோய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினாள், கோட்டுப் பட்டன் அளவு இருந்தது சட்டைப் பட்டன் ஆகியிருக்கிறது, பக்கத்திலிருந்த பொடிசுகளைக் காணவே காணோம். இது ஊசியாலா, மற்ற மருந்தாலா என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் நிறைய நாள் பார்க்க வேண்டும் என்றாள். யாரால் சுருங்கினால் என்ன, சுருங்கினால் சரி.

வெளியே வந்ததும் உன் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தேன், வாய் கூசாமல் எப்படி அப்படிச் சொன்னீர்கள் என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் சொன்னது என்னிக்குடி நடந்திருக்கு? அதான் அப்படிச் சொன்னேன்" என்றார். அவ்வளவு பேர் நடக்கிற வராந்தாவில் இரண்டு பேரும் நின்று அழுதோம்.

நேற்று அடுத்த ஊசி போட்டார்கள், இப்போது அடிக்கிற காய்ச்சல் அதனுடையது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், உள்ளங்காலையும் பார், கறுப்பாக எதுவும் தெரிந்தால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். லீவுக்கு நீ வருகிற அன்று அம்மாவால் எழுந்து விமான நிலையத்துக்கு வர முடியாது என்று அப்பா இப்போதே அடித்துச் சொல்கிறார். அதனால் வெளியே வந்ததும் முதல் வரிசையில் என்னைத் தேடு.

இப்படிக்கு,
உனக்காக வாசலில் நிற்கப்போகும்
அம்மா